மணிக்கணக்கில் வாடகை, ஆளுக்கொரு பாடம்

1980-களின் இறுதியில் நியூயார்க்கில் ஒரு பிலாட்டீஸ் ஸ்டூடியோ மூடப்பட்டது. அந்த உடற்பயிற்சி முறை வேர்விட்ட ஸ்டூடியோ அது. முறையை உருவாக்கியவரிடமே நேரடியாகப் பயின்று, அவருக்குப் பின் பாடத்தைக் கட்டிக்காத்துவந்த ரோமானா கிரிஸனோவ்ஸ்காவுக்கு அப்போது வயது அறுபதுக்கு மேல். சொல்லிக்கொடுக்க அவர் இருந்தார், கற்றுக்கொள்ள மாணவர்கள் இருந்தார்கள், இடம்தான் இல்லை. மன்ஹாட்டனின் 57-ஆவது தெருவில் டிராகோ என்பவர் ஒரு ஜிம் நடத்திவந்தார். அதன் ஒரு பகுதியில் கருவிகளைப் போட்டு ரோமானா மறுபடி பாடத்தைத் தொடங்கினார். இன்று பல நாடுகளில் பெயர் சொல்லப்படும் ஆசிரியர்கள் பலர், அடுத்தவருக்குச் சொந்தமான அந்தக் கூடத்தில்தான் அவரிடம் தொழில் பழகினார்கள்.

நெருக்கடியில் கைகொடுத்த அந்த ஏற்பாடு இன்று நியூயார்க், லண்டன் போன்ற நகரங்களில் ஒரு பிழைப்பு முறையாகவே நிலைத்துவிட்டது. ஸ்டூடியோ ஒருவருடையது. கருவிகளும் அவருடையவை. ஆனால் காலை 7 மணிக்கு வந்து அங்கே பாடம் நடத்துபவர் வேறொருவர். அந்த ஒரு மணி நேரத்துக்கு அவர் ஸ்டூடியோவுக்கு வாடகை கொடுக்கிறார். தன்னிடம் வரும் கிளையன்டிடம் தானே கட்டணம் வாங்கிக்கொள்கிறார். 8 மணிக்கு அதே கருவியில் இன்னோர் ஆசிரியர், இன்னொரு கிளையன்ட். அமெரிக்க சலூன்களில் முடிதிருத்துபவர்கள் நாற்காலியை வாடகைக்கு எடுத்துத் தொழில் செய்யும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பிலாட்டீஸில் நடப்பதும் அந்த வகைதான்.

குழு வகுப்புகள் சந்தையைப் பிடித்துக்கொண்டிருக்கும் காலத்தில், ஓர் ஆசிரியர் ஒரே ஒருவரைக் கவனித்துச் சொல்லித்தரும் பழைய பாடம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்றால், அதற்கு இந்த மணி நேர வாடகை முக்கியமான காரணம்.

எட்டாவது அவென்யூ, எண் 939

இந்த முறையை உருவாக்கிய ஜோசப் பிலாட்டீஸ் 1883-ல் ஜெர்மனியின் மோன்ஷன்கிளாட்பாக் நகரில் பிறந்தவர். சிறுவயதில் ஆஸ்துமா, ரிக்கெட்ஸ் என்று நோஞ்சானாக இருந்ததாக அவரே சொல்லிவந்தார். வளர்ந்தபின் ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை என்று உடம்பையே தொழிலாக்கிக்கொண்டார். முதல் உலகப் போர் மூண்டபோது அவர் இங்கிலாந்தில் இருந்தார். ஜெர்மானியர் என்பதால் பிரிட்டிஷ் அரசு அவரைப் பிடித்து அடைத்தது. போர்க்காலத்தின் பெரும்பகுதி ஐல் ஆஃப் மேன் தீவின் நாக்கலோ முகாமில் கழிந்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கம்பிவேலிக்குள் வைத்திருந்த முகாம் அது. படுக்கையைவிட்டு எழ முடியாதவர்களுக்காக அங்கே கட்டில் ஸ்பிரிங்குகளைக் கொண்டு பயிற்சிக் கருவி செய்தார் என்ற கதையை பிலாட்டீஸ் வட்டத்தில் சொல்லாதவர் இல்லை.

1926-ல் அவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அந்தப் பயணத்தில் சந்தித்த கிளாரா கடைசிவரை வாழ்க்கைத் துணையாகவும் தொழில் துணையாகவும் இருந்தார். 1927-ல் ஜோசப்பின் உடற்பயிற்சிக் கருவி ஒன்றுக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இருவரும் மன்ஹாட்டனில் எட்டாவது அவென்யூவின் 939-ஆம் எண் கட்டடத்தில் வாடகைக்கு இடம் பிடித்தார்கள். பின்னாளில் உலகம் சுற்றப்போகும் ஒரு பயிற்சி முறை நாற்பது ஆண்டுகள் அந்த வாடகை முகவரியில்தான் இயங்கியது.

முகவரியே பாதித் தொழிலைச் செய்தது. கார்னகி ஹால் கூப்பிடு தூரம். அக்கம்பக்கமெங்கும் நடன ஒத்திகைக் கூடங்கள். கணுக்கால் பிசகியவர்கள், இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள், அடுத்த மாதம் மேடையேற வேண்டியவர்கள் என்று நடனக் கலைஞர்கள் படியேறி வந்தார்கள். பாலே உலகின் ஜார்ஜ் பாலன்சைனும் நவீன நடனத்தின் மார்த்தா கிரஹாமும் தங்கள் கலைஞர்களை ஜோசப்பிடம் அனுப்பினார்கள். ரோமானாவும் அப்படி வந்தவர்தான். பாலே மாணவியாகக் கணுக்கால் காயத்தோடு வந்தவர், பிற்பாடு அந்த ஸ்டூடியோவையே தாங்கினார்.

அங்கே பாடம் நடந்த விதம் கவனிக்கத் தக்கது. ஒரே நேரத்தில் நான்கைந்து பேர் இருப்பார்கள். ஆனால் அது வகுப்பு அல்ல. எல்லோரும் சேர்ந்து ஒரே அசைவைச் செய்வதில்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் உடம்புக்கு ஏற்ற வரிசை. அதை மனப்பாடமாக்கிக்கொண்டு அவரவர் வேகத்தில் செய்வார்கள். ஜோசப்பும் கிளாராவும் நடந்துகொண்டே பார்ப்பார்கள். தோள் தூக்கியிருந்தால் கையால் அழுத்தி இறக்குவார்கள், முதுகு வளைந்திருந்தால் தொட்டுச் சொல்வார்கள். ஜோசப் கறாரானவர், அதட்டுவார். கிளாரா பொறுமைசாலி. வலியோடு வருபவர்களைக் கையாள்வதில் கிளாராவுக்கு இணையில்லை என்று பழைய மாணவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

ஈவ் ஜென்ட்ரி என்ற நடனக் கலைஞர் மார்பக அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கையைத் தூக்கவே முடியாத நிலையில் ஜோசப்பிடம் பயின்று முழு அசைவையும் மீட்டுக்கொண்டார். பிறகு அவரே ஆசிரியராகி நியூ மெக்ஸிகோவின் சான்டா ஃபே நகரில் ஸ்டூடியோ நடத்தினார். அப்படியோர் உடம்பைக் கூட்டத்தில் ஒருவராக நிறுத்திக் கவனித்திருக்க முடியாது.

சீடர்கள் தேடிய இடங்கள்

1967-ல் ஜோசப் தமது 83-ஆம் வயதில் இறந்தார். கிளைகள் இல்லை, முறையான சான்றிதழ்த் திட்டத்தை வகுத்துவிட்டுப் போகவும் இல்லை. 1945-ல் வெளியிட்ட நூலில் பாயில் செய்யும் 34 பயிற்சிகளை விளக்கியிருந்தார். மற்றதெல்லாம் கருவிகளிலும் சீடர்களின் உடம்பிலும்தான் இருந்தது. 1977-ல் கிளாராவும் மறைந்தார்.

சீடர்கள் கிடைத்த இடத்தில் பாயை விரித்தார்கள். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த நடனக் கலைஞர் கரோலா ட்ரையர், ஜோசப் உயிரோடிருக்கும்போதே அவர் ஆசியோடு நியூயார்க்கில் தனி ஸ்டூடியோ வைத்தார். ரான் ஃப்ளெச்சர் 1970-களில் கலிஃபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸுக்குப் போக, ஹாலிவுட் நட்சத்திரங்கள் அவரைத் தேடி வந்தார்கள். கேத்தி கிரான்ட் பாடம் நடத்திய இடம் இன்னும் வியப்பானது. நியூயார்க்கின் ஹென்றி பெண்டல் என்ற உயர்ரகத் துணிக்கடைக்குள் இருந்த ஸ்டூடியோவை 1972-ல் அவர் ஏற்று நடத்தத் தொடங்கினார். கடையில் உடை வாங்க வந்தவர்களும் அடிபட்ட நடனக்காரர்களும் ஒரே வாசலில் நுழைந்தார்கள். இன்னொருவர் கூரையின் கீழ் தன் பாடத்தை நடத்துவது இந்தத் தொழிலுக்குப் புதிதல்ல.

கருவிகள் எங்கிருந்து வந்தன? நியூயார்க்கில் கிராட்ஸ் என்ற உலோகப் பட்டறை ஜோசப்பின் வரைவுகளின்படி செய்துகொடுத்தது; நவீன பாணி அறைக்கலன்களுக்குப் பெயர்பெற்ற பட்டறை அது. மேற்குக் கரையில் கென் எண்டல்மேன் என்ற மரச்சாமான் கைவினைஞர், கேட்டவருக்காக ரிஃபார்மர் என்ற பிலாட்டீஸ் கருவி ஒன்றைச் செய்துகொடுக்கப்போய், 1976-ல் அதையே தொழிலாகத் தொடங்கினார். கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவில் உள்ள அந்த நிறுவனம் இன்று ‘பேலன்ஸ்டு பாடி’ என்ற பெயரில் உலகெங்கும் கருவிகளை அனுப்புகிறது.

அதே எண்டல்மேன் ஒரு வழக்கிலும் நடுநாயகமானார். 1990-களில் ‘பிலாட்டீஸ்’ என்ற சொல்லுக்கான வணிகக்குறி உரிமை நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு பிசியோதெரபிஸ்டின் நிறுவனத்திடம் இருந்தது. அனுமதியில்லாமல் அந்தப் பெயரைப் பயன்படுத்திய ஸ்டூடியோக்களுக்கு வக்கீல் கடிதங்கள் பறந்தன. தாங்கள் வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொடுத்ததன் பெயரைத் தங்கள் பலகையில் எழுத ஆசிரியர்கள் பயந்த காலம் அது. எண்டல்மேனின் நிறுவனம் பணியாமல் வழக்காடியது. 2000 அக்டோபரில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தின் நீதிபதி மிரியம் கோல்ட்மேன் சீடர்பாம் தீர்ப்பளித்தார்: பிலாட்டீஸ் என்பது ஒரு பயிற்சி முறையின் பொதுப்பெயர், அது எவருக்கும் தனியுரிமை அல்ல. தனியாளாகத் தொழில் செய்ய நினைத்த ஆசிரியர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது இந்தத் தீர்ப்புதான். சொந்த ஸ்டூடியோ இல்லாதவரும் தன்னை பிலாட்டீஸ் ஆசிரியர் என்று அச்சிட்டுக்கொள்ளலாம் என்ற நிலை அதன்பின்தான் உறுதியாயிற்று.

வாடகைக்கு எடுப்பது எதை?

யோகா ஆசிரியருக்கு ஒரு பாய் போதும். பிலாட்டீஸ் ஆசிரியரும் பாயில் நிறையச் சொல்லித்தரலாம். ஆனால் தனிப் பாடத்துக்குக் காசு கொடுத்து வருபவர்கள் பெரும்பாலும் கருவிக்காக வருகிறார்கள்.

முதன்மையானது ரிஃபார்மர். கட்டில் அளவு நீளமுள்ள சட்டம். அதன்மேல் மெத்தை தைத்த பலகையொன்று சக்கரத்தில் மேசை இழுப்பறைபோல முன்னும் பின்னும் ஓடும். பலகையைச் சட்டத்தோடு பிணைப்பவை ஸ்பிரிங்குகள். படுத்து, உட்கார்ந்து, மண்டியிட்டு, நின்று, காலால் கம்பியை உதைத்தோ கையால் கயிற்றை இழுத்தோ அந்தப் பலகையை நகர்த்த வேண்டும். எடை தூக்கும்போது பளுவின் எடை மாறுவதில்லை. ஸ்பிரிங்கோ இழுக்க இழுக்க இறுகும். திரும்பி வரும்போது அது வெடுக்கென்று இழுத்துக்கொள்ளாமல் தசை தடுத்துப் பிடிக்க வேண்டும். பாதிப் பயிற்சி அந்தத் திரும்பும் வழியில்தான் இருக்கிறது. ஸ்பிரிங்கைக் குறைத்தால் எல்லா அசைவும் எளிதாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. தாங்கும் விசை குறைந்தால் பலகை ஆடும், வயிற்றுத் தசை அதிகம் உழைக்க வேண்டும். எந்த அசைவுக்கு எத்தனை ஸ்பிரிங் என்று கிளையன்டின் உடம்பைப் பார்த்து முடிவு செய்வதில்தான் ஆசிரியரின் அனுபவம் தெரியும்.

ரிஃபார்மரோடு, தூண்களும் மேற்சட்டமும் கொண்ட கேடிலாக், மிதிபலகை வைத்த வுன்டா சேர், முதுகை வளைத்துச் சாய்க்கும் பீப்பாய் வடிவக் கருவிகள் என்று முழு ஸ்டூடியோவுக்கு ஒரு வரிசையே வேண்டும். ஸ்டூடியோ தரத்து ரிஃபார்மர் ஒன்றே அமெரிக்காவில் சில ஆயிரம் டாலர். போடவும் சுற்றி நடக்கவும் இடம் வேண்டும். ஸ்பிரிங்குகள் தேயும், இரண்டு ஆண்டுக்கொரு முறை மாற்றிவிடுமாறு பேலன்ஸ்டு பாடி நிறுவனம் சொல்கிறது. பாடத்தின் நடுவே ஸ்பிரிங் அறுந்தால் காயம் ஏற்படலாம். இந்த முதலீட்டையும் பராமரிப்பையும்தான் வாடகை ஆசிரியர் மணிக்கணக்கில் வாங்கிக்கொள்கிறார்.

இடம் மாறிப் பாடம் நடத்துபவர்கள் விழிப்போடு இருக்க வேண்டிய ஒன்று ஸ்பிரிங்கின் நிறம். பல நிறுவனங்கள் விசையை நிறத்தால் குறிக்கின்றன. ஆனால் எல்லோருக்கும் பொதுவான நிறப்பட்டியல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் சிவப்பு இன்னொன்றின் சிவப்புக்குச் சமமாக இருக்காது. கிராட்ஸ் வகை ரிஃபார்மர்களில் ஸ்பிரிங்குகள் எல்லாம் ஒரே விசை. அதனால் புதிய ஸ்டூடியோவில் வாடகை பேசியதும், கிளையன்டை அழைத்துவருவதற்கு முன் தானே படுத்து எல்லாக் கருவிகளையும் ஒரு முறை ஓட்டிப்பார்ப்பது நல்ல ஆசிரியர்களின் பழக்கம்.

கணக்கு நோட்டு

புரிவதற்காக ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தனிப் பாடம் ஒன்றுக்கு ஆசிரியர் 100 டாலர் வாங்குகிறார். ஸ்டூடியோ வாடகை மணிக்கு 35 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கையில் நிற்பது 65. இதே பாடத்தை ஸ்டூடியோவின் ஆளாக நடத்தினால் ஸ்டூடியோ அவருக்கு 40 டாலர் தருவதாகக் கொள்வோம். பார்த்த மாத்திரத்தில் வாடகையே லாபம். ஆனால் அந்த 40 டாலர் ஆசிரியருக்குக் கிளையன்டை ஸ்டூடியோ தேடிக்கொடுக்கிறது, முன்பதிவைப் பார்த்துக்கொள்கிறது, விளம்பரம் செய்கிறது. 65 டாலர்காரர் இத்தனையையும் தானே செய்தாக வேண்டும்.

தனியாக இடம் பிடித்தால்? மாத வாடகை, மின்சாரம், கருவிக்கான தவணை எல்லாம் சேர்ந்து 3,500 டாலர் என்று கொள்வோம். மணிக்கு 35 வீதம் கொடுத்துவந்தவர் மாதம் 100 பாடம் நடத்தினால்தான் அந்தத் தொகை வரும். அதாவது வாரத்துக்கு ஏறக்குறைய 23 பாடம். அதற்குக் கீழே இருப்பவருக்கு மணி வாடகை மலிவு; மேலே போனவர் சொந்த இடத்தைப் பற்றி யோசிக்கலாம். பாடம் நடத்தாத மாதத்தில், அதாவது பிரசவம், காய்ச்சல், ஊர்ப்பயணம் என்று நின்றுபோகும் நாட்களில், மணி வாடகைக்காரருக்குச் செலவில்லை. சொந்த இடக்காரருக்கு அந்த 3,500 அப்படியே நிற்கும். தொழிலுக்குப் புதியவர்களும் சிறு குழந்தை உள்ள தாய்மார்களும் மணி வாடகையை விரும்புவது இதனால்தான்.

அந்த 65 டாலரும் முழுதாக வீட்டுக்கு வராது. அமெரிக்காவில் சுயதொழில் செய்பவர் வருமான வரி தவிர, சமூகப் பாதுகாப்புக்கும் முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்குமாகச் சுயதொழில் வரி கட்ட வேண்டும். அதன் விகிதம் 15.3 சதவீதம். வேலை பார்ப்பவராக இருந்தால் இதில் பாதியை முதலாளி கட்டியிருப்பார். காப்பீட்டுத் தொகை தனி. இரண்டு பாடங்களுக்கு இடையே கிளையன்ட் இல்லாமல் போகும் வெற்று நேரம் எந்த நோட்டிலும் எழுதப்படாத செலவு. காலை 7 மணிக்கு ஒன்று, பகல் 12-க்கு ஒன்று, மாலை 6-க்கு ஒன்று என்று பாடங்கள் சிதறினால் மூன்று மணி நேர வரவுக்காக ஒரு நாள் முழுவதும் போகும். அனுபவசாலிகள் பாடங்களை அடுத்தடுத்து அடுக்கி, வாரத்தில் இரண்டு மூன்று நாட்களுக்குள் முடித்துக்கொள்ளப் பார்ப்பார்கள்.

கடைசி நேரத்தில் கிளையன்ட் வராமல் போவதுதான் பெரிய நோவு. வாடகைக்கு எடுத்த மணி எடுத்ததுதான். ஸ்டூடியோவுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். அதனால் 24 மணி நேரத்துக்கு முன் சொல்லாமல் ரத்து செய்தால் முழுக் கட்டணம் என்பது இந்தத் தொழிலில் பரவலான விதி. ஐந்து பாடம், பத்துப் பாடம் என்று பேக்கேஜாக முன்பணம் வாங்குவதும் வழக்கம். அந்தப் பணம் வங்கியில் வந்து விழுந்தாலும் பாடம் நடத்தி முடிக்கும்வரை அது கடன்தான். வாங்கியதை உடனே செலவழித்துவிட்டு, பிறகு பத்து மணி நேரத்துக்கு ஸ்டூடியோ வாடகையைக் கைப்பணத்திலிருந்து கட்டித் திணறுகிறவர்கள் உண்டு.

எழுத்தில் வேண்டியவை

வாடகை ஒப்பந்தத்தை வாய்மொழியாக விடுவது ஆபத்து. எந்த நாள், எந்த மணி, எந்தக் கருவி, எத்தனை நாள் முன்னறிவிப்பில் வாடகை உயரும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். கருவி பழுதானால் யார் பொறுப்பு என்பதும் இருக்க வேண்டும். விபத்துக்கான காப்பீடு இல்லாமல் பெரும்பாலான ஸ்டூடியோக்கள் உள்ளே விடமாட்டா. ஆசிரியரின் பாலிசியில் ஸ்டூடியோவின் பெயரையும் சேர்க்கச் சொல்வது அமெரிக்காவில் வழக்கம்.

மிகவும் மனக்கசப்பைத் தருவது கிளையன்ட் யாருடையவர் என்ற கேள்வி. வாடகை ஆசிரியர் தன் கிளையன்டைத் தானே அழைத்துவருகிறார்; போகும்போது அழைத்துக்கொண்டு போகலாம். ஸ்டூடியோ வாசலில் விசாரிக்க வந்தவரை வாடகை ஆசிரியர் தன் கிளையன்டாக்கிக்கொண்டால் அங்கே உறவு முறியும். இதை முதல் நாளே பேசிவிடுவது இருவருக்கும் நல்லது.

சட்டமும் குறுக்கே வரும். ஆசிரியர்களை ஊழியர் என்று பதியாமல் ஒப்பந்தக்காரர் என்று காட்டிச் சம்பளம் தருவது அமெரிக்க ஸ்டூடியோக்களில் பரவலாக இருந்தது. கலிஃபோர்னியாவில் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2018-ல் அளித்த டைனமெக்ஸ் தீர்ப்பும், 2020 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த ஏபி 5 சட்டமும் இதை இறுக்கின. ஸ்டூடியோவின் அன்றாடத் தொழிலையே செய்பவரை ஒப்பந்தக்காரர் என்று சொல்வது கடினமாயிற்று. உண்மையான வாடகை ஏற்பாட்டில் பணம் எதிர்த்திசையில் போகிறது. ஆசிரியர்தான் ஸ்டூடியோவுக்குக் கொடுக்கிறார். நேரத்தையும் கட்டணத்தையும் பாடத்தையும் அவரே தீர்மானிக்கிறார். பெயருக்கு வாடகை என்று எழுதிவிட்டு, சீருடை போடு, நான் சொன்ன நேரத்துக்கு வா என்று ஸ்டூடியோ அதட்டினால் அவர் ஊழியரல்ல என்ற சட்டப் பாதுகாப்பு கரைந்துவிடும்.

அந்த 55 நிமிடங்கள்

இத்தனை கணக்கும் ஒப்பந்தமும் எதற்காக? கிளையன்டுக்குக் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்காக. துடைத்துச் சுத்தம் செய்து அடுத்தவருக்கு விடும் நேரம் போக, பாடம் பொதுவாக 50 முதல் 55 நிமிடம்.

முதல் பாடத்தில் பாதி கேள்விகளில் போகும். அறுவைச் சிகிச்சை, பழைய முறிவு, ரத்த அழுத்தம், கர்ப்பம், எலும்பு மெலிவு, நாள் முழுக்க உட்கார்ந்த வேலையா நின்ற வேலையா என்று எல்லாம் கேட்பார்கள். பிறகு பழைய மரபுப்படி ரிஃபார்மரில் மல்லாக்கப் படுத்துக் கால்களால் கம்பியைத் தள்ளும் பயிற்சி. பாதத்தின் நிலையை மாற்றி மாற்றிச் செய்யும்போது, எந்தக் கால் அதிகம் தள்ளுகிறது, இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஆசிரியர் பார்த்துக்கொண்டே இருப்பார். அடுத்து ‘ஹண்ட்ரட்’: ஐந்து எண்ணிக்கைக்கு மூச்சை இழுத்து, ஐந்து எண்ணிக்கைக்கு விட்டு, கைகளை மேலும் கீழும் அசைத்துப் பத்துச் சுற்றில் நூறு. பார்க்கச் சிறுபிள்ளை விளையாட்டு. ஒழுங்காகச் செய்தால் வயிறு நடுங்கும்.

ஆசிரியர் ஒருவரை மட்டும் கவனிப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு எலும்பு மெலிவைச் சொல்லலாம். ஜோசப்பின் பாய்ப் பயிற்சிகளில் முதுகை முன்னோக்கிச் சுருட்டி உருளும் அசைவுகள் பல. இளம் நடனக்காரருக்கு அவை நல்லவை. முதுகெலும்பு மெலிந்த அறுபது வயதுப் பெண்ணுக்கு அவையே முறிவைக் கொண்டுவரலாம். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த சினாகி, மிக்கல்சன் இருவரும் 1984-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாதவிடாய் நின்று முதுகெலும்பு மெலிவு கண்ட 59 பெண்கள் அதில் இருந்தார்கள். முதுகை முன்னோக்கி வளைக்கும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதத்தினருக்குப் பின்னர் புதிய முள்ளெலும்பு முறிவோ நசுக்கமோ தெரிந்தது. முதுகைப் பின்னோக்கி நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் அது 16 சதவீதம். சிறிய ஆய்வுதான். ஆனாலும் ஒருவருக்கு மருந்தாகும் அசைவு இன்னொருவருக்குக் கேடாகலாம் என்பதற்கு இது வலுவான எச்சரிக்கை. கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரே அசைவைச் சொல்லும்போது அந்த ஒருவரைத் தனியே பிரித்து வேறு அசைவு கொடுப்பது கடினம். தனிப் பாடத்தில் அதுதான் முதல் வேலை.

அதேசமயம் மிகைப்படுத்தலும் கூடாது. கீழ்முதுகு வலிக்கு பிலாட்டீஸ் உதவுமா என்று ஆராய்ந்த காக்ரேன் மதிப்பாய்வு 2015-ல் வெளியானது. 10 ஆய்வுகள், 510 பேர். ஒன்றும் செய்யாமல் இருப்பதையோ சிறு ஆலோசனையோடு விட்டுவிடுவதையோ விட பிலாட்டீஸ் வலியைக் குறைக்க உதவுகிறது என்பதற்குக் குறைந்த அளவிலிருந்து நடுத்தர அளவுவரையான சான்று கிடைத்தது. மற்ற உடற்பயிற்சிகளைவிட அது மேலானது என்பதற்குத் தீர்மானமான சான்று இல்லை. நேர்மையான ஆசிரியர் இதைத் தம் கிளையன்டிடம் மறைக்கமாட்டார். முதுகெலும்பு வட்டு நழுவலைச் சரிசெய்துவிடுவேன் என்று வாக்குக் கொடுக்கவும் மாட்டார்.

கூட்டமா, தனியா?

பிலாட்டீஸ் இன்று பெரிய சந்தை. 2007-ல் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் தொடங்கிய ‘கிளப் பிலாட்டீஸ்’ இப்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளைகள் கொண்ட சங்கிலி நிறுவனம். ரிஃபார்மர்களை வரிசையாகப் போட்டு ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு வகுப்பு. ஒருவருக்குக் கட்டணம் குறைவு, உற்சாகம் அதிகம். ஆரோக்கியமான உடம்போடு வருபவருக்கு இது நல்ல வழி. லட்சக்கணக்கானோரை இந்தப் பயிற்சியின் பக்கம் இழுத்துவந்தது இந்த மலிவுதான்.

ஆனால் அறுவைச் சிகிச்சை முடிந்து வருபவர், பிரசவம் ஆன மூன்றாம் மாதம் வருபவர், வயதானவர், வலிக்குப் பயந்து அசையவே தயங்குபவர் ஆகியோருக்குப் பன்னிரண்டில் ஒருவராக இருப்பது போதாது. அவர்களுக்குத் தனி ஆசிரியர் வேண்டும்; அந்த ஆசிரியருக்கு ஸ்டூடியோ வேண்டும். நடுவழியும் உண்டு. கணவன் மனைவியோ தோழிகளோ இருவராக வந்து ஆளுக்கொரு கருவியில் பயின்று கட்டணத்தைப் பகிர்ந்துகொள்ளும் ‘டூயட்’ பாடம் அது. ஆசிரியருக்கும் மணிக்குக் கூடுதல் வரவு. ஜோசப்பின் கூடத்தில் நடந்ததற்கு மிக நெருங்கியதும் இதுவே.

இந்தியாவில் இந்த முறையைப் பரவலாக அறியச் செய்ததில் மும்பைக்குப் பெரும் பங்கு உண்டு. திரை நட்சத்திரங்களின் பயிற்சியாளராக அறியப்பட்ட யாஸ்மின் கராச்சிவாலா அங்கே ஸ்டூடியோ நடத்துகிறார். சென்னையிலும் ரிஃபார்மர் ஸ்டூடியோக்கள் வந்துவிட்டன. கருவி வாங்கும் செலவு பெரிதாக இருப்பதால், பயிற்சி முடித்த இளம் ஆசிரியர்களுக்கு மணி வாடகை இங்கும் பொருந்தக்கூடிய வழிதான். தமிழ்நாட்டில் அப்படித் தனியாகத் தொழில் செய்பவரின் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு அவசியம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

தனிப் பாடத்துக்குப் பணம் கட்டும் முன் கிளையன்ட் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. ஆசிரியர் எங்கே, எத்தனை மணி நேரம் பயின்றார்? எல்லாக் கருவிகளையும் சொல்லித்தரும் முழுப் பயிற்சி அமெரிக்காவில் பொதுவாக 450 மணி நேரமும் அதற்கு மேலும் போகும். இரண்டு நாள் பட்டறையில் வாங்கிய தாள் அதற்கு ஈடாகாது. காப்பீடு இருக்கிறதா? பேக்கேஜ் பணம் எத்தனை மாதம் செல்லும்? ஆசிரியர் நோயுற்றாலோ ஸ்டூடியோவை மாற்றினாலோ மீதிப் பாடங்கள் என்ன ஆகும், பணம் திரும்பக் கிடைக்குமா? மருத்துவர் சொன்ன கட்டுப்பாடுகளை எழுதிவைத்துக்கொள்கிறாரா? இவற்றுக்கெல்லாம் தயங்காமல் பதில் சொல்பவரிடம் ஒரே ஒரு பாடத்துக்கு மட்டும் முதலில் பணம் கட்டிப் பார்க்கலாம். பத்துப் பாட பேக்கேஜை வாங்குவதா என்பதை அந்த 55 நிமிடத்தில் அவர் எவ்வளவு பார்த்தார், எவ்வளவு கேட்டார் என்பதை வைத்து முடிவு செய்துகொள்ளலாம்.